இரண்டாவது அளவு

"குடிச்சீங்களா?"

"இல்ல."

"அப்ப மெஷின் பொய் சொல்லுதா?"

அவர் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் எவ்வளவோ பேசியாயிற்று. பால் தீர்ந்துபோச்சு, குழாய் ஒழுகுது, சித்தி வீட்டுக்கு எப்போ போறோம். அந்தப் பேச்சு மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது.

அவர் பஸ் டிரைவர். இருபத்திரண்டு வருடம் வண்டியில் ஒரு கீறல் விழாமல் ஓட்டியவர். அன்று காலை டிப்போவில், வண்டி எடுக்கும் முன் எல்லாரும் ஊதுகிற மெஷினில் அவரும் ஊதினார். சிவப்பு விளக்கு எரிந்தது. ஆறு மாதம் சஸ்பென்ஷன். பிறகு ஸ்பேர் பார்ட்ஸ் ஸ்டோரில் உட்கார வைத்துவிட்டார்கள்.

மனைவிக்குத் தடய அறிவியல் ஆய்வகத்தில் வேலை. வண்டி ஓட்டுகிறவர்களின் ரத்தத்தில் மதுவோ போதை மருந்தோ இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். ஊர் டிரைவர்களையெல்லாம் சோதிக்கிறவளின் வீட்டுக்காரரே மாட்டிக்கொண்டார் என்று டிப்போவில் ஒரு மாதம் சிரித்தார்கள்.

ஆய்வகத்தில் அவளுக்கு 'ரெட்டை மேடம்' என்று பெயர். ஒவ்வொரு ரத்தத்தையும் தனித்தனியாக இரண்டு தடவை அளப்பது அங்கே எல்லாருக்கும் உள்ள விதிதான். ஆனால் இவள் வீட்டில் கேஸை மூடியதை இரண்டு தடவை பார்ப்பாள், பூட்டை இரண்டு தடவை இழுப்பாள், பஸ்ஸிலிருந்து இறங்கும்போது சீட்டைத் திரும்பத் திரும்பப் பார்ப்பாள். அளக்கிற பெரிய கருவிக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு: 'மாமியார்'. என்ன கொடுத்தாலும் முதலில் ஒரு குறை சொல்லும்.

இன்று அவளுக்குக் கோர்ட்டில் சாட்சி. ஒரு லாரி டிரைவரின் வழக்கு. ரோட்டில் போலீஸ் ஊதச் சொன்னபோது மெஷின் எகிறியிருக்கிறது. ஒரு மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரியில் எடுத்த ரத்தத்தில் ஒன்றுமே இல்லை. மாமியார் இரண்டு தடவையும் ஒன்றுமில்லை என்றுதான் சொன்னாள்.

அரசு வக்கீல் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார். "அந்த மெஷின் இருக்குன்னுது. உங்க மெஷின் இல்லேங்குது. எதும்மா பொய்?"

"ரெண்டுமே பொய் சொல்லல சார். அது வாயில இருந்ததைச் சொல்லியிருக்கும், இது ரத்தத்துல இருக்கிறதைச் சொல்லுது. சில வாய் கொப்பளிக்கிற மருந்துல, தொண்டைக்கு அடிக்கிற ஸ்பிரேல எல்லாம் ஆல்கஹால் இருக்கு. கால் மணி நேரம் சும்மா உட்கார வச்சு மறுபடி ஊதச் சொன்னா இறங்கியிருக்கும்."

"போலீஸ் அப்படிச் சொல்லலையா?"

"ஃபார்ம்ல ஒரே ஒரு அளவுதான் சார் இருக்கு."

"ஒண்ணு போதாதா?"

"ஒண்ணை வச்சு நாங்க எழுத மாட்டோம்."

"எழுதினா?"

"அது தப்பு சார்!"

நீதிபதி காகிதத்திலிருந்து தலையைத் தூக்கினார். தேவைக்கு மேல் உரக்கச் சொல்லிவிட்டோம் என்று அவளுக்கே தெரிந்தது. வக்கீல் அடுத்து என்ன கேட்டார் என்பதை இரண்டாம் முறை சொல்லச் சொல்லித்தான் பதில் சொன்னாள்.

வெளியே நடைக்கூடத்தில் லாரி டிரைவரின் மனைவி ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் அன்னிக்கே சொன்னேன் மேடம். இந்த ஆளுக்குப் பொய் சொல்ற அளவுக்கெல்லாம் சாமர்த்தியம் பத்தாதுன்னு. யாரு கேட்டாங்க?"

பின்னால் நின்ற லாரி டிரைவர் அசடு வழியச் சிரித்தார்.

பஸ்ஸில் வீடு திரும்பும்போது ஜன்னலோரம் இடம் கிடைத்தும் அவள் வெளியே பார்க்கவில்லை. அந்தப் பெண்ணிடம் மெஷினும் இல்லை, ஃபார்மும் இல்லை. 'அன்னிக்கே' சொல்லியிருக்கிறாள். ஆயிரக்கணக்கான ரத்தத்தை இரண்டு தடவை பார்த்தவள், சொந்தப் புருஷனை ஒரே தடவையில் எழுதி முடித்துவிட்டாள்.

வீட்டில் அவர் சமையலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தார். ஃப்ரிட்ஜ் கதவில், எலுமிச்சம்பழக் காந்தத்தின் அடியில் ஒரு ஃபார்ம் ஒரு மாதமாகத் தொங்குகிறது. மறுபடி வண்டி ஓட்ட விருப்பமா என்று டிப்போவில் கேட்டு அனுப்பியது. நாளை கடைசி நாள். கையெழுத்து போடும் இடம் இன்னும் காலி.

"என்ன, வக்கீல் வறுத்தெடுத்துட்டாரா?" என்றார் தலையைத் தூக்காமல்.

"அதெல்லாம் இல்ல." கைப்பையை வைத்துவிட்டு ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள். "ஏன் இன்னும் கையெழுத்து போடல?"

"போட்டுட்டா ஏறி உட்காரணுமே."

"அது உங்களுக்குப் பிடிச்ச வேலைதானே?"

"பிடிச்ச வேலைதான்." ஸ்பேனரைத் துணியில் துடைத்தார். "பின்னால அறுபது பேர் என்னை நம்பி உட்கார்ந்திருப்பாங்க. வீட்ல இருக்கிற ஒருத்தி நம்பலங்கிற நினைப்போட ஸ்டியரிங்கைப் பிடிக்க எனக்கு மனசு வரல."

அவள் கோர்ட்டில் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். கால் மணி நேரம், இரண்டாவது ஊதல், வாயில் தங்கும் மருந்து. அவர் கேட்டுக்கொண்டே குழாயைத் திருகினார்.

"அன்னிக்கு உங்களுக்குப் பல்வலி இருந்துதா? காலையில ஏதாவது போட்டுக் கொப்பளிச்சீங்களா? கொஞ்சம் யோசிச்சுப் பாருங்களேன், அப்படி மட்டும் இருந்தா..."

"மருந்தைத் தேடாத." குரலில் கோபம் இல்லை. "கொப்பளிச்சேனா இல்லையான்னு எனக்கு ஞாபகமே இல்ல. காரணம் கிடைக்கலேன்னா என்ன பண்ணுவ? மறுபடி குடிகாரன்னு எழுதிடுவியா?"

குழாயில் ஒழுக்கு நின்றிருந்தது.

"டிப்போலயே இன்னொரு தடவை ஊதுறேன்னு நான் கேட்டிருக்கலாம். கேக்கல. அவங்க கிடக்குறாங்க, வீட்டுக்குப் போனா அவ சரியா கேப்பான்னு ஒரு தைரியம். பூட்டையே ரெண்டு தடவை இழுக்கிறவளாச்சே." லேசாகச் சிரித்தார். "பஸ்ல வர்ற வழியெல்லாம் என்ன பதில் சொல்லணும்னு யோசிச்சு வச்சிருந்தேன். நீ ஒரு தடவையோட நிறுத்திட்ட."

"நான்..."

"இரு. இதைச் சொல்ல எனக்கு ரெண்டு வருஷம் ஆயிருக்கு." ஸ்பேனரை மேடையில் வைத்துவிட்டு, அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். ஈரக் கையை மடியில் துடைத்துக்கொண்டார்.

"இன்னொரு தடவை என்னைக் கேளேன்."