கருணை காட்டக் கூடாத வேலை

ஓய்வு பெற்ற கண்டக்டருக்குத் தன் புது வேலையை மனைவிக்கு விளக்கிச் சொல்வதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

"வலியோட வர்றவங்க பின்னாடி உக்காந்து, ஒரு சாண் தள்ளி ரெண்டு கையையும் நீட்டணும்."

"நீட்டி?"

"நீட்டிக்கிட்டு சும்மா இருக்கணும்."

"அதுக்கு உங்கள எதுக்குத் தேடிப் புடிச்சாங்க?"

"மனசுல இரக்கம் இல்லாத ஆளா பாத்தாங்களாம்."

அவள் வலது கையை மடியில் வைத்தபடியே அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "சரியான எடத்துலதான் விசாரிச்சிருக்காங்க" என்றாள்.

விஷயம் இதுதான். கண்ணாடிக் கடைக்கு மேல்மாடியில் இருந்த அந்த ஆராய்ச்சி நிலையத்தில் மாற்று வைத்திய முறைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். காந்தம், வெந்நீர், வாசனை எண்ணெய் எல்லாம் முடிந்து, இப்போது கை படாத வைத்தியத்தின் முறை. அதில் பேர் போன ஒருவர் இருந்தார். எல்லாரும் அவரை மாஸ்டர் என்றே கூப்பிட்டார்கள். நோயாளியைத் தொடாமல் கையை நீட்டி, உள்ளம் உருகிக் கருணையைப் பொழிந்தால் வலி ஓடிவிடும் என்பது மாஸ்டரின் கட்சி. அது நிஜமா, அல்லது யாரோ ஒருவர் முதுகுக்குப் பின்னால் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலே போதுமா என்று பார்க்க வேண்டும் அல்லவா? அதற்குத்தான் மாஸ்டரைப் போலவே உட்கார்ந்து, மாஸ்டரைப் போலவே கையை நீட்டி, ஆனால் துளிக்கூடக் கருணை காட்டாத ஒரு போலி தேவைப்பட்டார். நோயாளிகளின் கண்ணைக் கட்டி, சுவரைப் பார்த்து ஸ்டூலில் உட்கார வைத்துவிடுவார்கள். யார் மாஸ்டரிடம் போவது, யார் போலியிடம் போவது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வார்கள். அறைக்குள் யாரும் வாயைத் திறக்கக் கூடாது.

ஆள் எடுத்த அன்று நல்ல கூட்டம். ஒவ்வொருவராக உள்ளே அழைத்தார்கள். கதவருகே ஒரு பெண் நின்று விம்மி விம்மி அழுதாள், நடிப்புதான். அபராதம் வசூலிக்கும் இலாகாவிலிருந்து வந்த ஒருவர்கூடக் கண் கலங்கி வெளியே அனுப்பப்பட்டார். கண்டக்டர் கதவைத் திறந்தார். அந்தப் பெண்ணைப் பார்த்தார். "உள்ள தள்ளிப் போய் அழுங்க. வழியில நிக்காதீங்க" என்றார். ஆராய்ச்சியை நடத்தும் டாக்டரம்மா அந்த இடத்திலேயே வேலையைக் கொடுத்துவிட்டார்.

கண்டக்டர் கல்நெஞ்சக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். நெரிசலில் நின்றுகொண்டு ஒவ்வொருவர் கதைக்கும் உச்சுக் கொட்டினால் வண்டி நகராது. காலமெல்லாம் அப்படியே இருந்து, முகம் அந்த மாதிரி இறுகிப்போய்விட்டது. அவ்வளவுதான்.

"கைய நீட்டும்போது மனசு காலியா இருக்கக் கூடாது" என்று டாக்டரம்மா சொல்லிக் கொடுத்தார். "காலியா இருந்தா கருணை உள்ள வந்துடும். எதையாவது நெனச்சுக்கிட்டே இருங்க."

கண்டக்டருக்கு வேறு என்ன நினைக்கத் தெரியும்? கையை நீட்டியதும் மனதுக்குள் தன் பழைய வழித்தடத்தில் வண்டியை எடுத்தார். பணிமனை, தபால் ஆபீஸ், மர மில், பெண்கள் பள்ளிக்கூடம், கோர்ட்டு, தண்ணீர்த் தொட்டி, பாலம் என்று ஒவ்வொரு நிறுத்தமாக நின்று, ஆளை இறக்கி, ஆளை ஏற்றி, கடைசி நிறுத்தம் வரை போய்ச் சேர்வார். சுடுகாட்டு நிறுத்தத்தில் மட்டும் நிறுத்துவதில்லை. நோயாளிகள் விஷயம், எதற்கு வம்பு?

பாதி ஆராய்ச்சி முடிந்து கணக்குப் பார்த்தபோது டாக்டரம்மாவுக்கு முகம் வெளிறிவிட்டது. மாஸ்டரின் நோயாளிகள் சுமாராகத் தேறியிருந்தார்கள். கண்டக்டரின் நோயாளிகளோ குதித்துக்கொண்டிருந்தார்கள். கழுத்தைத் திருப்ப முடியாத தையல்காரர் இப்போது அக்கம்பக்கத்து வீட்டுச் சண்டையை எல்லாம் திரும்பித் திரும்பிப் பார்க்கிறாராம்.

"நீங்க ஏதாவது பண்றீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"ஒண்ணும் பண்ணலம்மா. நீங்க சொன்ன மாதிரிதான் இருக்கேன்."

"ஒண்ணும் பண்ணாம இருக்கறத சரியா பண்றீங்களா?"

"அதுல என்னம்மா தப்பு வரப்போகுது?"

டாக்டரம்மாவின் சந்தேகம் தீரவில்லை. கண்டக்டரின் நெஞ்சில் ஒயர் ஒட்டி, கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு சிவப்பு விளக்கை வைத்தார்கள். கருணை சுரந்தால் நெஞ்சு வேகமாக அடிக்கும், விளக்கு எரியும் என்று ஏற்பாடு. மாஸ்டருக்கு மாட்டிப் பார்த்தபோது விளக்கு எரிந்த வேகத்தில் பல்பே போயிற்று. கண்டக்டருக்கு மாட்டினால் கடுகளவு வெளிச்சமில்லை. நோயாளிகள் என்னவோ தேறிக்கொண்டே இருந்தார்கள்.

மனதில் என்னதான் நினைக்கிறீர்கள் என்று துருவிக் கேட்டதில் கடைசியில் பஸ் விஷயம் வெளியே வந்தது. கமிட்டி கூடியது. கமிட்டி என்று ஒன்று கூடினால் அதுவும் ஏதாவது செய்து காட்ட வேண்டும் அல்லவா? ஒருவேளை வழித்தடத்தில்தான் வைத்தியம் இருக்கிறதோ என்று, கண்டக்டரை வேறு தடத்தில் போகச் சொன்னார்கள். பழக்கமில்லாத தடத்தில் அவர் வழி தவறியதில் இரண்டு நோயாளிகளுக்குத் தலை சுற்றியது. மாஸ்டரை நிறுத்தங்களை மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். பிறந்ததிலிருந்து பஸ்ஸே ஏறாத மனிதர் அவர். கோர்ட்டைத் தாண்டியதும் இறங்கிவிடுகிறேன் என்று கையைக் கீழே போட்டுவிட்டார். போலிக்கும் ஒரு போலி வேண்டும் என்று, வண்டியே வராத நிறுத்தத்தில் காத்து நிற்பதாக நினைத்துக்கொள்ள இன்னொரு ஆளை உட்கார வைத்தார்கள். அவரிடம் போன நோயாளிகள் எல்லாருக்கும் காரணமே இல்லாமல் எரிச்சல் வந்து, ஒருவர் ஸ்டூலை எட்டி உதைத்தார்.

இதையெல்லாம், மனதுக்குள் ஓடும் வண்டி உட்பட, கண்டக்டர் வீட்டில் சொல்லத்தான் செய்தார்; ஆனால் பெருமையாகச் சொல்ல முடியவில்லை. ஏனென்றால் வீட்டில் ஒரு தோள்பட்டை இருந்தது.

அவர் மனைவிக்கு வலது கை தோளுக்கு மேல் எழும்பாமல் பல மாதங்களாகிவிட்டன. போட்டுப் பார்க்காத ஊசியில்லை, தடவாத தைலமில்லை. மேல் அலமாரியில் இருந்த டப்பாக்கள் எல்லாம் கீழே இறங்கிவிட்டன. தலை பின்னிக்கொள்ள முடியவில்லை. அதனால் தினமும் காலையில் கண்டக்டர்தான் சீப்பை எடுத்துக்கொண்டு வந்து அவளுக்குப் பின்னி விடுவார். மூன்று கால் எடுத்து ஆரம்பிக்கும் பின்னல் நடுவில் எங்கேயோ இரண்டு காலாகி, இடது பக்கம் சாய்ந்து, நுனியில் ஒரு முடிச்சோடு நிற்கும். அவள் அதை அவிழ்க்காமல் அப்படியே கடைக்கும் போய் வருவாள்.

"எங்கெங்க இருந்தோ வர்றவங்களுக்கு எல்லாம் சரியாகுது. எனக்கும் கொஞ்சம் கைய நீட்டுங்களேன்" என்றாள் ஒரு நாள்.

நீட்டினார். மனதுக்குள் வண்டி கிளம்பவே இல்லை. "இப்ப எப்படி இருக்கு?" என்றார். கொஞ்சம் பொறுத்து, "இப்ப?" என்றார். மறுபடியும் எட்டி அவள் முகத்தைப் பார்த்து, "வலிக்குதா?" என்றார்.

"வைத்தியம் பண்றீங்களா, விசாரணை பண்றீங்களா?" என்று அவள் எழுந்து போய்விட்டாள்.

அன்றைக்குத்தான் அவருக்கு விஷயம் உறைத்தது. அவர் கை வேலை செய்ய வேண்டுமானால் அக்கறை இருக்கக் கூடாது. இந்தப் பெண்பிள்ளை விஷயத்தில் அக்கறை இல்லாமல் இருப்பது எப்படி என்று அவருக்குத் தெரியாது. உலகத்தில் எல்லாருடைய வலியும் போகும், இவளுடையது மட்டும் போகாது. அதை நினைத்து அவருக்கு நிஜமாகவே அழுகை வந்தது. குளியலறையில் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டார்.

ஆராய்ச்சி முடிகிற தறுவாயில் ஒரு நாள் காலை, அறைக்குள் போய், முட்டி சொடக்குப் போட ஸ்டூலில் உட்கார்ந்தவர் விறைத்துப்போனார். எதிரே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த முதுகில் ஒரு பின்னல் தொங்கியது. மூன்றில் தொடங்கி இரண்டாகி, இடது பக்கம் சாய்ந்து, நுனியில் முடிச்சு. அப்படி ஒரு பின்னலைப் போடக்கூடியவர் பூமியில் ஒருவர்தான். அன்று காலையில்தான் போட்டிருந்தார்.

வேலை செய்கிறவர்களின் சொந்தக்காரர்களைச் சேர்க்கக் கூடாது என்று விதி. அவளிடம் கணவர் தொழில் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். ரிட்டயர்டு கண்டக்டர் என்று உண்மையைத்தான் சொல்லியிருக்கிறாள். சீட்டெழுதிய ஆளுக்கு அப்போதும் பொறி தட்டவில்லை. குலுக்கலும் அவளை இவரிடமே கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டது.

கண்டக்டர் கையை நீட்டினார். தடுப்புக்கு அந்தப் பக்கம் சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்தது. டாக்டரம்மா நாற்காலியை விட்டு எழுந்து நின்றதைக் கண்ணாடியில் ஓரமாகப் பார்த்தார். எழுந்து போய், இது என் சம்சாரம் என்று சொல்லிவிடலாம். சொன்னால் அவளை அனுப்பிவிடுவார்கள். தோள்பட்டை அப்படியே இருக்கும். சொல்லாமல் இருந்தால் இவருடைய அக்கறையே அதைக் கெடுத்துவிடும். நல்ல இக்கட்டு.

கோபம் வந்தால் அக்கறை போகும் என்று நினைத்தார். அவள் செய்த தப்புகளைத் தேடினார். அவருக்குப் பல்லி என்றால் பயம் என்பதை அவள் தன் அண்ணன் வீட்டில் விருந்தில் உட்கார்ந்து எல்லாருக்கும் சொன்னாளே, அதை எடுத்தார். அன்றைக்கு அவள் சிரித்த சிரிப்பு ஞாபகம் வந்து அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. விளக்கு இன்னும் சிவந்தது.

அப்போது சுவரைப் பார்த்தபடியே அவள் பேசினாள். உதடு அசைவதைத் தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்க்க முடியாது.

"முட்டி சொடக்குப் போட்டப்பவே நீங்கதான்னு தெரிஞ்சுபோச்சு. வண்டி ஏன் நிக்குது?"

அவர் ஓரக்கண்ணால் விளக்கைப் பார்த்தார்.

"எனக்காக நிக்க வேணாம். நான் ஏறிட்டேன். ஜன்னலோரமா எடம் கெடச்சிருச்சு." பிறகு மெதுவாகச் சொன்னாள்: "ரைட், போலாம்."

ரைட் என்ற சொல்லைக் கேட்டால் அந்த உடம்பு கேள்வி கேட்காது. வண்டி கிளம்பிவிட்டது. பணிமனை வாசல் தாண்டியது. தபால் ஆபீஸில் கும்பலாக ஏறினார்கள். "உள்ள போங்க, உள்ள போங்க" என்று மனதுக்குள் சத்தம் போட்டார். மர மில்லில் பலகையோடு ஏறப் பார்த்த ஒருவனை இறக்கிவிட்டார். ஜன்னலோரம் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். வண்டியில் இருக்கிறவர்களில் ஒருத்தி; அவள் பாட்டுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வருகிறாள். அவளை அப்படி யாரோ மாதிரி கடந்து போவது அவருக்கு நெஞ்சைப் பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி இருந்தது. ஆனாலும் கடந்து போனார். கோர்ட்டு வாசலில் எப்போதும் போல வாக்குவாதம், தண்ணீர்த் தொட்டியில் குடங்கள். தடுப்புக்கு அந்தப் பக்கம் விளக்கு அணைந்திருந்தது.

வண்டி பாலத்தின் மேல் ஏறியபோது எதிரே வலது கை அசைந்தது. மடியிலிருந்து எழும்பித் தோள் வரை வந்து வழக்கம்போல் நின்றது. நின்ற கை கொஞ்சம் யோசித்து, காதைத் தாண்டியது. தலையைத் தாண்டி உச்சிக்கு மேலே போயிற்று. அங்கே இல்லாத மணிக்கயிற்றை விரல்கள் பிடித்து, ஒரு இழு இழுத்தன.

"யாரு எறங்குறது?" என்று கண்டக்டர் உரக்கக் கேட்டுவிட்டார்.

"யாரும் எறங்கல. கை எட்டுதான்னு பாத்தேன்" என்றாள் அவள்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டாக்டரம்மா ஓடி வந்தார். பேசியது ஒரு குற்றம், உறவு இரண்டாவது குற்றம், போலிச் சிகிச்சையில் மறுபடியும் ஒரு நோயாளி தேறியது மன்னிக்கவே முடியாத குற்றம். "உங்களுக்கு இரக்கமே கெடையாதுன்னு நம்பித்தானே வேலை குடுத்தேன்" என்று சொல்லும்போது அவர் குரல் உடைந்துபோயிற்று. கண்டக்டர் அவரைப் பார்த்து, "வழியில நிக்காதீங்கம்மா" என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் மனைவியின் கண்கட்டை அவிழ்த்துவிட்டார். வேலை போயிற்று.

மறுநாள் காலை வழக்கம்போல் சீப்பை எடுத்துக்கொண்டு போனார். அவள் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருந்தாள். இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோய்த் தானே பின்னி முடித்திருந்தாள். மூன்று காலும் கடைசி வரை மூன்றாகவே இருந்தன. பின்னல் கோடு போட்ட மாதிரி நேராக இறங்கியது. மேல் அலமாரியில் ஒரு டப்பா ஏறியிருந்தது.

"நல்லாருக்கு" என்றார் கண்டக்டர். சந்தோஷமாகத்தான் சொன்னார். கையில் இருந்த சீப்பை எங்கே வைப்பது என்று மட்டும் தெரியவில்லை. அதைச் சட்டைப் பையில் போட்டார், மறுபடி வெளியே எடுத்தார்.

அவள் கண்ணாடியில் அவரைப் பார்த்தாள். பின்னலைப் பார்த்தாள். பிறகு நுனியைப் பிடித்து மளமளவென்று அவிழ்த்துவிட்டு, அவருக்கு முதுகைக் காட்டி ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"ரொம்ப நேரா வந்துருச்சு" என்றாள். "நீங்க போடுங்க."