திங்கட்கிழமை மேஜை

எங்கள் முதலாளி அம்மாவுக்கு நாங்கள் வைத்திருந்த பட்டப்பெயர் எக்ஸ்ரே. பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்துக்கொண்டு பல்லுக்கு மேல் மாட்டும் கேப்பும் பல்செட்டும் செய்து கொடுக்கும் சின்ன லேப் அது. ஆறு பேர், இரண்டு சூளை, ஒரே ஒரு ஜன்னல். அந்த ஜன்னலோரம் உட்கார்ந்து ஒன்பது வருஷம் பீங்கான் பூசியிருக்கிறேன். ராஜினாமா கடிதத்தோடு எக்ஸ்ரேயின் அறைக்குள் போனேன்.

எனக்கு வேண்டியது அனுபவச் சான்றிதழ். ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் லேபில் வேலை கிடைத்திருந்தது. பழைய முதலாளி கைப்பட நாலு வரி நல்லதாக எழுதிக் கொடுத்தால்தான் சேர்த்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டார்கள். காலையிலேயே கணவர் எனக்குப் பாடம் நடத்தியிருந்தார்.

"குடும்பச் சூழ்நிலைன்னு சொல்லு. எங்க அம்மாவுக்கு உடம்பு முடியலைன்னு வேணும்னாலும் சொல்லிக்கோ. லெட்டரை வாங்கிட்டு வாயை மூடிக்கிட்டு வந்துடு."

"உங்க அம்மா நேத்துதான் நீச்சல் கத்துக்கப் பேர் கொடுத்திருக்காங்க."

"அது அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

வாயை மூடிக்கொண்டு வருவதில் எனக்கும் ஆட்சேபணை இல்லை. ஒன்பது வருஷமாக அதைத்தானே செய்துகொண்டிருந்தேன்.

நான் வேலையை விடக் காரணம் திங்கட்கிழமை மேஜை. மருத்துவர்கள் திருப்பி அனுப்பியது, எக்ஸ்ரே தன் லென்ஸுக்கு அடியில் பிடித்தது என்று போன வாரத்தின் தப்புகள் எல்லாம் திங்கள்தோறும் ஒரு வெள்ளைத் துணிமேல் வரிசையாக உட்கார்ந்திருக்கும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் செய்தவரின் எண் எழுதிய சீட்டு. என் எண் நாலு. ஆறு பேரும் சுற்றி நிற்க வேண்டும். அவர் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுவார். "நம்பர் ரெண்டு, இதை வாயில வெச்சுக்கிட்டு அந்த மனுஷன் சிரிக்கணுமாம். எதைப் பார்த்துச் சிரிப்பார்?" நம்பர் ரெண்டு மெழுகு வேலை பார்க்கும் அண்ணன், அவருக்கு ஐம்பது வயது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே தன் சீட்டு எத்தனை இருக்கும் என்று விரல்விட்டு எண்ண ஆரம்பித்துவிடுவார்.

ஆனால் சும்மா சொல்லக் கூடாது, எக்ஸ்ரே வேலை தெரிந்தவர். அவர் கைப்படப் பூசிய பல்லை நிஜப் பல்லுக்குப் பக்கத்தில் வைத்தால் எனக்கே வித்தியாசம் தெரியாது. நான்கு மாதத்துக்கு முன்னால் அந்த வேலையை அடியோடு நிறுத்திவிட்டார். அதற்குப் பிறகுதான் எங்கள் உயிரை இன்னும் அதிகமாக வாங்கத் தொடங்கினார். ஒரு கேப்பை மூன்று தடவை சோதிப்பார். "மகாராணிக்குக் கை வலிக்குது போல" என்று நான்தான் முதலில் கிண்டல் செய்தேன்.

கடிதத்தைப் படித்துவிட்டு எக்ஸ்ரே மேஜை இழுப்பறையைத் திறந்து பழைய காகிதங்கள் ஐந்தை எடுத்து, என்னுடையதை அவற்றின் மேல் வைத்தார்.

"உனக்கு முன்னாடி அஞ்சு பேர் போயிருக்காங்க. அஞ்சு பேருக்கும் குடும்பச் சூழ்நிலை. அப்படி என்னதான் குடும்பங்களோ."

நான் மாமியாரின் உடம்பைப் பற்றி ஆரம்பித்தேன். அவர் கேட்டுக்கொண்டிருந்ததாகத் தெரியவில்லை.

"என்னாலயா?" என்றார்.

அதட்டியிருந்தால் தப்பித்திருப்பேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், பதிலுக்குப் பயந்தவர் மாதிரிக் கேட்டார். அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை. எனக்குப் பாவமாகிவிட்டது.

"ஆமா மேடம். உங்களாலதான்."

"சொல்லு."

"தப்பைச் சுட்டிக்காட்ட வேணாம்னு யாரும் சொல்லலை. நம்பர் போட்டு, எல்லார் முன்னாடியும் வெச்சு, கிண்டல் வேற பண்றீங்க. அப்படிச் செஞ்சா தப்பு குறையும்னு நினைக்கிறீங்க. குறையலை மேடம். நாங்க மறைக்கிறோம்."

"யார் மறைச்சா?"

பொதுவாகச் சொன்னேன் என்று சமாளித்திருக்கலாம். அவர் முன்னால் சான்றிதழுக்கான வெள்ளைத்தாள் இருந்தது, பேனா மூடி திறந்திருந்தது. ஆனால் இவ்வளவு பேசிவிட்டு அங்கே நிறுத்தினால் நான் சொன்னதெல்லாம் வெறும் புலம்பல்தான்.

"நான் மறைச்சேன். நாலு மாசத்துக்கு முன்னாடி ஒருத்தர் வாயிலேயே உடைஞ்சுதே, அந்தக் கடைவாய்ப் பல் கேப். சூளையிலிருந்து எடுக்கும்போதே மயிரிழை மாதிரி ஒரு விரிசல் இருந்துது. அன்னிக்கு வெள்ளிக்கிழமை. ஏற்கெனவே அந்த வாரம் என் நம்பர்ல ரெண்டு இருந்துது. மூணாவதா அது மேஜைக்கு வர வேணாம்னு மேல இன்னொரு பூச்சு பூசிச் சுட்டுட்டேன். மேலே எதுவுமே தெரியலை."

எக்ஸ்ரே கண்ணாடியைக் கழற்றினார்.

"அந்தாளுக்கு நாக்குல தையல் போட்டாங்க."

"தெரியும் மேடம்."

"தெரிஞ்சும் நாலு மாசமா என் எதிர்ல உட்கார்ந்து வேலை செஞ்சியா?"

அழுகை வந்தது, அழுதேன். அவர் தண்ணீர் எடுத்துக் கொடுக்கவில்லை. அது நியாயம்தான்.

கண்ணாடியை மேஜைமேல் வைத்துவிட்டுக் கேட்டார். "உடைஞ்ச அந்தக் கேப்பை ஏன் திங்கட்கிழமை மேஜையில வைக்கலைன்னு நினைச்சே?"

"உங்க தப்பு மட்டும் மேஜைக்கு வராதுன்னு பேசிக்கிட்டோம்."

"சரியாத்தான் பேசியிருக்கீங்க. கடைசியா லென்ஸ்ல பார்த்து அனுப்பினது நான். விரிசலை நான் விட்டுட்டேன்னு நினைச்சேன். என் பேரை எழுதி வைக்கத் தைரியம் வரலை." அவர் கண்களைத் தேய்த்துக்கொண்டார். "ரெண்டு கண் டாக்டரைப் பார்த்தேன். ரெண்டு பேரும் கண்ணு நல்லா இருக்குன்னாங்க. நான் நம்பலை. இந்தக் கண்ணை வெச்சுக்கிட்டு இனிமே பூசக் கூடாதுன்னு பிரஷ்ஷை எடுத்து உள்ளே வெச்சுட்டேன்."

மகாராணிக்குக் கை வலிக்கிறது என்று நான் சொன்னதும் மற்ற ஐந்து பேரும் சிரித்ததும் நினைவுக்கு வந்தது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்து, அன்றைக்கு அனுப்ப வேண்டிய பெட்டியிலிருந்து ஒரு கேப்பை எடுத்தார். விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"நீ பார். பார்த்ததைச் சொல்லு."

பார்த்தேன். பார்த்த பிறகும் ஒரு நிமிஷம் யோசித்தேன். "நல்லா இருக்கு மேடம்" என்று சொல்லி ஒன்பது வருஷம் பழகிய நாக்கு.

"உள்பக்கத்து ஓரத்துல ஒரு குமிழி இருக்கு."

"எவ்வளவு பெரிசு?"

"கடுகுல பாதி கூட இருக்காது."

"எனக்கும் அப்படித்தான் தெரியுது" என்றார். நாலு மாதமாக நம்பாத கண்ணை அப்போதுதான் நம்பினார் போலிருந்தது. கேப்பைத் திருப்பிச் செய்ய வேண்டியவற்றோடு வைத்தார். செய்தவரின் எண் இருந்த சீட்டைப் பார்க்காமலே மடித்துக் குப்பைக் கூடையில் போட்டார்.

பிறகு உட்கார்ந்து எழுதினார். ஒன்பது வருஷம் வேலை பார்த்தவர், பீங்கான் வேலை தெரிந்தவர், நேரத்துக்கு வருபவர். அத்தோடு பேனா நின்றது.

"கவனமானவர்னு எழுத மாட்டேன். அதுக்கு மனசு வரலை."

"வேணாம் மேடம்."

இன்னொரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். வெளியே வந்து படிக்கட்டில் நின்று படித்தேன். "கேட்டால் உண்மையைச் சொல்வார்" என்று இருந்தது.

திரும்பிப் போய் அந்தக் 'கேட்டால்' மட்டும் வேண்டாமே என்று சொல்லலாமா என ஒரு படி ஏறினேன். பிறகு இறங்கிவிட்டேன். அவர் சரியாகத்தான் எழுதியிருந்தார்.