ரிப்பன் வெட்டாத பாலம்

லாமெக் எழுந்தான். பாயைச் சுருட்டி மூலையில் சாய்த்தான். வாளியை எடுத்துக்கொண்டு அடிபம்புக்குப் போனான். வரிசையில் நின்ற பெண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஆண்கள் அங்கே தண்ணீர் பிடிக்க வருவதில்லை. அவன் சில மாதங்களாக வருகிறான். முதலில் சிரித்தார்கள். இப்போது சிரிப்பதில்லை. பேசுவதும் இல்லை.

திரும்பி வந்து கரி மூட்டினான். சோளமாவுக் கூழ் காய்ச்சி, உப்புப் போட்டு, நின்றுகொண்டே குடித்தான். மீதி நெருப்பை இஸ்திரிப் பெட்டியில் அள்ளிப் போட்டு வெள்ளைச் சட்டையைத் தேய்த்தான். காலரில் பொறி விழுந்து சின்ன ஓட்டை. டை கட்டினால் மறைந்துவிடும். டை கட்டினான்.

வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது.

"மாப்ளே, கிளம்பியாச்சா? உன் கல்யாணத்துக்கே இவ்வளவு ஒழுங்கா சட்டை போடலயேடா நீ."

பிஸ்விக். லாமெக்கின் மனைவி எலூபேயின் பெரியப்பா மகன். கட்சியின் இளைஞர் அணித் தலைவன். அமைச்சர் முகம் போட்ட பனியன் தொப்புள் தெரியும்படி இறுகியிருந்தது. இந்தப் பக்கத்தில் மச்சானும் மாப்பிள்ளையும் ஒருவரையொருவர் என்ன வேண்டுமானாலும் சொல்லிக் கேலி செய்யலாம். யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. எலூபே செத்த பிறகும் பிஸ்விக் அந்த வழக்கத்தை விடவில்லை. லாமெக்தான் பதில் கேலி செய்வதை விட்டுவிட்டான்.

"பேச வேண்டியது ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"எங்கே, ஒருவாட்டி சொல்லு."

"நான் பாடம் நடத்துறவன், மச்சான்."

"சம்பளம் வாங்காம நடத்துறவன். அதையும் சேத்துச் சொல்லு."

உண்மைதான். லாமெக் பட்டம் வாங்கி வந்து நான்கு அறுவடை ஆகிவிட்டது. மலாவி அரசாங்கத்துக்கு ஆசிரியர் வேண்டும். ஆசிரியருக்குக் கொடுக்கப் பணம் இல்லை. ஊர்ப் பள்ளியில் சும்மா நடத்துகிறான். பெற்றவர்கள் சோளம் கொடுக்கிறார்கள்.

இன்று பாலத் திறப்பு விழாவில் அவன் பேச வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். எலூபே படகில் அவன் மடியில் தலை வைத்துக் கடைசியாகச் சொன்னது. "எங்க ஊருக்கு ஒரு பாலம் குடுங்க ஐயா, என் சாவே கடைசிச் சாவா இருக்கட்டும்." கட்சியின் மாவட்டத் தலைவர் இதை முதலில் வானொலியில் சொன்னார். பிறகு மகளிர் அணி இதற்கு மெட்டுப் போட்டது. இப்போது மாவு இடிக்கும்போதுகூடப் பெண்கள் பாடுகிறார்கள்.

எலூபே அப்படிச் சொல்லவில்லை.

பழைய பாலத்தைப் புயல் அடித்துக்கொண்டு போனது. அதற்குப் பிறகு முகோம்பே ஆற்றைக் கடக்க மரத்தைக் குடைந்த படகுதான். மழையில் ஆறு கலங்கிப் பெருகும், முதலையும் வரும். ஆஸ்பத்திரி அக்கரையில். வெளிநாட்டுப் பணம் வந்து, புதுப் பாலம் எழும்பி, கைப்பிடிக்கு நீலப் பெயின்ட்டும் அடித்தாயிற்று. அப்புறம் அமைச்சருக்காகக் காத்திருந்தார்கள். முதல் தேதியில் அவர் வெளிநாட்டில் இருந்தார். இரண்டாம் தேதியில் தலைநகரில் ஏதோ கூட்டம். மூன்றாம் தேதியில் நாட்டில் டீசல் இல்லை. அவருடைய வண்டிகள் கிளம்பவில்லை. ஒவ்வொரு தேதிக்கும் பாலத்தைக் கழுவினார்கள். அமைச்சர் நடக்கும் முன் வேறு யாரும் நடந்துவிடக் கூடாதென்று இரண்டு முனையிலும் தார் டிரம்களை வரிசையாக நிறுத்தி, கட்சிப் பையன்களைக் காவல் வைத்தார்கள். சாமி வரம் கொடுத்துவிட்டது. பூசாரிக்காகக் காத்திருந்தது ஊர்.

அந்த நாட்களில் ஒரு விடிகாலையில் எலூபேக்குப் பிரசவ வலி கண்டது. லாமெக் அவளைச் சைக்கிள் பின்சீட்டில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போனான். அன்று டிரம் அருகே காவலுக்கு நின்றவன் பிஸ்விக். வழிவிட அனுமதி கேட்டு மாவட்டத் தலைவருக்குப் போன் போட்டுப் பார்த்தான். யாரும் எடுக்கவில்லை. கடைசியில் படகு. நடு ஆற்றில் ரத்தம் நிற்காமல் போனது. தலைக்கு மேலே பாலம் காய்ந்து கிடந்தது. அக்கரை வந்தபோது தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை.

இப்போது கதை மாறிவிட்டது. பாலம் இல்லாததால் எலூபே செத்தாள். அவள் கேட்டதால் அமைச்சர் பாலம் கட்டினார். தேதியை யாரும் சரிபார்க்கப் போவதில்லை.

ஆற்றங்கரையில் பந்தல் போட்டிருந்தார்கள். ஜெனரேட்டர் இரைந்தது. பாலத்தின் வாயில் சிவப்பு ரிப்பன். டிரம்களுக்கு மாவிலை நிறத்தில் புது வண்ணம். பெண்கள் கட்சித் துணியை இடுப்பில் சுற்றி ஆடிக்கொண்டிருந்தார்கள். காலை பத்து மணிக்கு வர வேண்டிய அமைச்சர் நண்பகலுக்கும் வரவில்லை. அக்கரையிலிருந்து விழாவுக்கு வந்தவர்கள் படகில் ஏறி, பாலத்துக்கு அடியில் புகுந்து வந்துகொண்டிருந்தார்கள்.

"பாத்தியா, வெயில் படாம வர்றானுங்க" என்றான் கூட்டத்தில் ஒருவன். "அதுக்குத்தான் கட்டியிருக்காங்க. படகுக்குப் பந்தல்."

சிரிப்பு எழுந்தது. மாவட்டத் தலைவர் திரும்பிப் பார்த்தார். சிரிப்பு அடங்கியது.

கிராமத் தலைவி எனிஃபா லாமெக்கைக் கையசைத்துக் கூப்பிட்டாள். வயதானவள் இல்லை, நாற்பதைத் தாண்டியிருப்பாள். ஊரில் நிலத் தகராறு எல்லாம் அவள் வாசலில்தான் தீரும்.

"உக்காருங்க வாத்தியாரே. சாப்டீங்களா?"

"ஆச்சும்மா."

"பொய். முகத்துல தெரியுது." அவள் குரலைத் தாழ்த்தினாள். "நீங்க பேசி முடிச்சதும் அமைச்சர் எந்திரிப்பாரு. இக்கரையிலயே பிரசவ ரூம் ஒண்ணு, நர்ஸோட. அறிவிக்கப் போறாரு. மாவட்டத் தலைவர் என் தலைல அடிச்சுச் சத்தியம் பண்ணாரு. உங்க வேலைக்கும் சொல்லியாச்சு."

"எனக்கு வேலை வேணாம்மா."

"உங்களுக்கு வேணாம். ரூம் எனக்கு வேணும். மழைக்காலத்துல பாலத்துக்கு இந்தப்பக்கம் ரோடே முங்கிப் போகுது, அப்ப பாலம் இருந்து என்ன, இல்லாட்டி என்ன? நான் பொய் சொல்லச் சொல்லல. இல்ல, சொல்லத்தான் சொல்றேன், என்ன செய்ய. ஒரு நிமிஷம் பல்லைக் கடிச்சுக்கோங்க."

லாமெக் தலையசைத்தான். காலையிலேயே அவன் முடிவு செய்திருந்தான். சொல்லிவிடுவது. செத்தவளுக்கு ஒரு வாக்கியம் கூடினால் என்ன, குறைந்தால் என்ன? பிறக்கப்போகிறவர்களுக்கு ஓர் அறை.

எனிஃபா எழப் போனவள் நின்றாள். "அவ என்னதான் சொன்னா, வாத்தியாரே?"

அவன் டையை இழுத்துக் காலரின் ஓட்டையை மூடினான். எனிஃபா அதைப் பார்த்துவிட்டுப் போனாள்.

பந்தலில் மறுபடி அந்தப் பாட்டு. என் சாவே கடைசிச் சாவா இருக்கட்டும். நல்ல மெட்டு. லாமெக் கண்ணை மூடி எலூபேயின் குரலை நினைத்துப் பார்த்தான். டிரம் நினைவுக்கு வந்தது. அவள் வாய் அசைந்தது நினைவுக்கு வந்தது. வாயிலிருந்து பாட்டு வந்தது. மறுபடி முயன்றான். மறுபடியும் பாட்டு. அவள் போனதிலிருந்து அவனுக்கு எதுவும் உறைத்ததில்லை, அடக்கத்தன்றுகூட. இப்போது பயமாக இருந்தது. தானே மைக்கில் அதைச் சொல்லிவிட்டால், நாளைக்குத் தனக்கே அதுதான் ஞாபகம் இருக்கும்.

ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் பிஸ்விக் நின்றிருந்தான். லாமெக் அவனிடம் போனான்.

"அன்னைக்கு அவ உன்கிட்டப் பேசுனது ஞாபகம் இருக்கா, மச்சான்?"

பிஸ்விக்கின் முகத்திலிருந்து கேலி போய்விட்டது. "அதை எதுக்கு இப்ப?"

"ஞாபகம் இருக்கா?"

"நான் போன் பண்ணேன், மாப்ளே. திரும்பத் திரும்பப் பண்ணேன்."

"தெரியும்."

"எடுக்கல அவங்க."

"தெரியும்."

"என் வீட்டுக்காரிக்கு அடுத்த மாசம்." அவன் பந்தலைக் காட்டினான். அவன் மனைவி ஆடாமல் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். மேடிட்ட வயிற்றில் அமைச்சரின் முகம் இழுபட்டு விரிந்திருந்தது. "மழை அப்பத்தான் ஆரம்பிக்கும். அந்த ரூம் வரணும்டா. சொல்லிருவல்ல?"

"ஞாபகம் இருக்கா, இல்லையா?"

"தூங்க விட்டாத்தானே மறக்கிறதுக்கு" என்றான் பிஸ்விக். ஜெனரேட்டர் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அப்போது வண்டிகள் வந்தன. புழுதி. குலவை. அமைச்சர் இறங்கினார். பருமனான, களைத்த மனிதர். ரிப்பனை வெட்டினார். கைதட்டினார்கள். பாலத்தில் பாதி தூரம் நடந்து, கைப்பிடியைத் தட்டிப் பார்த்து, படகுக்காரனுக்குக் கையசைத்துவிட்டு மேடைக்குத் திரும்பினார். போலீஸ்காரர்கள் பாலத்தின் வாயை அடைத்து நின்றார்கள். கூட்டம் முடிந்த பிறகுதான் மற்றவர்கள்.

அமைச்சர் நன்றாகப் பேசினார். புயலைப் பற்றிப் பேசினார். சோளத்தின் விலையைப் பற்றிப் பேசாமல் தாண்டினார். எலூபேயின் பெயர் வந்தபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்தப் பாலத்துக்கு அந்தப் பொண்ணு பேரைத்தான் வச்சிருக்கோம். அவளோட கடைசி வார்த்தைய நான் சொல்லக் கூடாது. அவ புருஷன் சொல்லட்டும்."

லாமெக் மேடை ஏறினான். மைக் சூடாக இருந்தது. வானொலிக்காரன் ரெக்கார்டரை நீட்டினான். முன்வரிசையில் எனிஃபா மடியில் கைகளைக் கோத்து இறுக்கியிருந்தாள்.

"அமைச்சர் ஐயாவுக்கு வணக்கம். பெரியவங்களுக்கு வணக்கம்." குரல் ஒழுங்காக வந்தது. "என் மனைவி எலூபே கடைசியா சொன்னது."

நிறுத்தினான். வாக்கியம் நாக்கின் மேல் தயாராக இருந்தது. மெட்டோடு இருந்தது. அவன் மறந்துவிட்டான் என்று நினைத்து மகளிர் அணி மெல்லப் பாட்டை எடுத்துக் கொடுத்தது. எங்க ஊருக்கு ஒரு பாலம். லாமெக் வகுப்பில் செய்வதுபோலக் கையை உயர்த்தினான். பாட்டு நின்றது.

பிஸ்விக்கின் மனைவி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்தபடி சொல்லிவிடலாம் என்று நினைத்தான். வாய் திறந்தான். வந்தது வேறு.

"படகுல அவ ஒண்ணும் பேசல. ஏறும்போதே நினைவு போயிருச்சு. அவ கடைசியா பேசுனது இங்கேதான். இந்த டிரம் கிட்ட. அப்பவே பாலம் இருந்துச்சு."

அமைச்சர் சிரித்த முகத்தை மாற்றவில்லை. மாவட்டத் தலைவர் எழுந்து நின்று ஜெனரேட்டர் பக்கம் விரலைச் சொடுக்கினார். கழுத்தை அறுப்பதுபோலச் சைகை காட்டினார்.

பிஸ்விக் குனிந்தான். சுவிட்சில் கை வைத்தான். தலை நிமிர்ந்து லாமெக்கைப் பார்த்தான். பிறகு அணைத்தான்.

மைக் செத்தது. கூடவே காலையிலிருந்து காதை அடைத்துக்கொண்டிருந்த இரைச்சலும் செத்தது. ஆற்றின் சத்தம் கேட்டது. அக்கரையில் ஒரு குழந்தை அழுவது கேட்டது. இந்த அமைதியில் பேசினால் மைக் இல்லாமலே இரண்டு கரைக்கும் கேட்கும். பிஸ்விக் இது தெரிந்து அணைத்தானா, சொன்னதற்காக அணைத்தானா என்று லாமெக்குக் கடைசிவரை தெரியவில்லை.

போலீஸ்காரர் ஒருவர் மேடைப் படியில் கால் வைத்தார். எனிஃபா எழுந்து அவருக்குக் குறுக்கே நின்றாள்.

"பேசட்டும்" என்றாள். அறை போய்விட்டது என்று அவள் முகத்தில் எழுதியிருந்தது. "இனிமே என்ன. சொல்லுங்க வாத்தியாரே. எங்க ஊர்ப் பொண்ணு என்ன சொன்னா?"

லாமெக் கண்ணை மூடினான். டிரம். நீலக் கைப்பிடி. இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற எலூபே. அவள் பேசியது அவனிடம் அல்ல. வழியை மறித்து நின்ற பிஸ்விக்கிடம். பாட்டு இல்லாமல் அவள் குரல் வந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு, மரியாதையாக, கடைக்காரரிடம் சில்லறை கேட்பதுபோல. அவன் அதை அப்படியே சொன்னான்.

"அண்ணே, செருப்பைக் கழட்டிக் கையில எடுத்துக்கிறேன். பாலம் அழுக்காகாம நடந்து போயிடுறேன்."