மஞ்சளான குடுவை

ஆய்வகத்தில் எனக்கு 'வம்பு' என்று பெயர். முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள், ஆனால் என் காதில் விழும்படி சொல்வார்கள். நாம் சாப்பிடுவதை எரித்துச் சக்தியாக்கும் குட்டி அடுப்புகள் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் இருக்கின்றன. மைட்டோகாண்ட்ரியா என்று பெயர். அவை பிறவியிலேயே பழுதானால் என்ன ஆகும் என்பதுதான் என் ஆராய்ச்சி.

ஒருநாள் எங்கள் துறைத் தலைவர், ஒரு சிறுமியின் செல்கள் நார்மல் என்று முடிவு கட்டி, அவற்றை வளர்த்த குடுவையைக் கொட்டிவிடச் சொன்னார். அவருடைய வேறொரு ஆய்வுக்கு இடம் வேண்டுமாம்.

அவள் மாடிப்படி ஏறினால் பாதியில் உட்கார்ந்துவிடுகிற பெண். விளையாட்டு ஆசிரியர் நடிப்பு என்றார். மருத்துவர்கள் கையை விரித்துவிட்டு, தோலில் ஒரு துணுக்கு எடுத்து எங்களிடம் அனுப்பினார்கள். நாங்களும் நார்மல் என்று சொன்னால், அடுத்த வாரம் முதல் அவளுக்குக் கட்டாய ஓட்டப் பயிற்சி. பெற்ற தாய்க்கே சந்தேகம் வந்துவிட்டது. எங்கள் ஆய்வகம் இருக்கும் மருத்துவமனைக்குத் தோல் எடுக்க வந்த அன்று, லிஃப்டை விட்டுவிட்டு, "நடிக்காம ஏறு" என்று படியில் இழுத்துக்கொண்டு வந்தாள். அதை நானே பார்த்தேன்.

கொட்டுவதற்காக அவளுடைய குடுவையை எடுத்தேன். மஞ்சளாக இருந்தது. பக்கத்துக் குடுவைகளெல்லாம் இளஞ்சிவப்பு. நாங்கள் ஊற்றும் ஊட்டநீர் இளஞ்சிவப்பாகத்தான் இருக்கும். செல்கள் அமிலத்தைக் கக்கினால் மஞ்சளாகும். எங்கள் ஆய்வகத்தில் மஞ்சள் என்றால் கழுவாத பாத்திரம் மாதிரி, மானக்கேடு. ஆனால் இந்தக் குடுவையில் ஒருநாளும் நான் மஞ்சளைப் பார்த்ததில்லை.

ஊட்டநீர் மாற்றுகிறவர் எங்கள் டெக்னீஷியன். 'பொறுப்பு' என்றுதான் கூப்பிடுவோம். அன்று விடுப்பில் இருந்தவரை போனில் பிடித்தேன்.

"அது ஒண்ணு மட்டும் ஒரே நாள்ல மஞ்சளாயிடும் மேடம். தலைவர் பார்த்தா திட்டுவாருன்னு, யாரும் வர்றதுக்கு முன்னாடியே மாத்திடுவேன்" என்றார், பாராட்டை எதிர்பார்க்கும் குரலில்.

எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. மனிதர் கண்ணும் கருத்துமாக நோயைத் துடைத்து வைத்திருந்தார். அடுப்பு உடைந்த வீட்டிலும் வேளாவேளைக்குக் கடைச் சாப்பாடு வந்தால் யாரும் பட்டினி கிடப்பதில்லை. அந்தச் செல்களுக்கு நாங்கள் குளுக்கோஸை அள்ளிக் கொட்டினோம். அவை அதை அரைகுறையாக உடைத்து, அமிலத்தைக் கக்கிப் பிழைத்துக் கிடந்தன. தலைவர் அதைத்தான் நார்மல் என்றார்.

குளுக்கோஸை நிறுத்திவிட்டு காலக்டோஸ் என்ற வேறு சர்க்கரை கொடுக்கப் போகிறேன், அதில் பிழைக்க அடுப்பு எரிந்தே ஆக வேண்டும் என்று தலைவரிடம் போய்ச் சொன்னேன். முடிவு எழுதியாகிவிட்டது, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள் என்றார்.

"போட மாட்டேன் சார். குடுவையையும் கொட்ட மாட்டேன். வேணும்னா நீங்களே வந்து கொட்டுங்க, எல்லாரும் பார்க்கட்டும்."

அவர் வேறொரு கோப்பை எடுத்துப் புரட்டினார். கொட்ட வரவில்லை.

அவளுடைய செல்களையும், ஆரோக்கியமான ஒருவரின் செல்களையும் அருகருகே வைத்துச் சர்க்கரையை மாற்றினேன். சில நாள் கழித்தும் ஆரோக்கியமானவை அப்படியே இருந்தன. அவளுடையவை சுருண்டு, குடுவையின் அடியிலிருந்து பிடி விட்டு, செத்து மிதந்தன. 'பொறுப்பு' பதறிப்போய் ஊட்டநீரை மாற்ற வந்தார். கையைப் பிடித்து நிறுத்தினேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவளுடைய செல்கள் செத்ததற்கா சந்தோஷப்படுகிறேன் என்று பிறகுதான் உறைத்தது.

இது எந்த நோயையும் நிரூபிக்காது என்றார் தலைவர். நார்மல் என்றும் நிரூபிக்காது என்றேன். அவர் பேனாவை எடுத்து, 'நார்மல்' என்பதை அடித்து, மரபணுச் சோதனைக்குச் சம்மதித்தார். ஓட்டப் பயிற்சி கூடாது என்று மருத்துவரும் பள்ளிக்கு எழுதினார்.

அம்மாவையும் மகளையும் வரவழைத்து நடந்ததைச் சொன்னேன். இதைக் குணப்படுத்த இன்னும் மருந்து இல்லை என்பதையும் மறைக்கவில்லை. அம்மா முகத்தை மூடிக்கொண்டாள். அந்தப் பெண் மட்டும் என்னை நேராகப் பார்த்தாள்.

"என் செல்லு எல்லாம் செத்துப்போச்சா?"

"அந்தக் குடுவையில இருந்தது செத்துப்போச்சும்மா."

"அப்போ நான் நடிக்கல."

"நடிக்கவே இல்ல."

அவள் எழுந்து நின்றாள். பிறகு அம்மாவின் கையை முகத்திலிருந்து விலக்கினாள்.

"அம்மா, வா போலாம். லிஃப்ட்ல."