பார்வையாளர் மாடத்தில் ஓர் ஏழை

நிதியமைச்சருக்கு ஒரு வழக்கம். பட்ஜெட் உரையின் நடுவே நிமிர்ந்து, பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருக்கும் ஓர் ஏழையைக் கைகாட்டுவார். அவை மேசையைத் தட்டும். இதற்கு ஏழை நேரில் வந்தாக வேண்டும் என்பதுதான் சிக்கல்.

இந்த ஆண்டுக்குப் பிடித்து வைத்திருந்த அம்மாள் வாயாடி என்று கடைசி நேரத்தில் தெரியவந்தது. மேலதிகாரி, உரை எழுதும் இளைஞனைக் கூப்பிட்டார்.

"வேற யாரையாவது பிடிய்யா. கேள்வி கேக்காத ஏழையா இருக்கணும். இல்லேன்னா உன் வேலை நிரந்தரமாகுற பேச்சையே மறந்துடு."

கோடிகளில் எழுதிப் பழகியவனுக்கு ஓர் ஏழையின் முகவரிகூடத் தெரியவில்லை, தன் வீட்டு முகவரியைத் தவிர.

தாயில்லாத அவனைத் தையல் மிஷின் மிதித்து வளர்த்தவள், கணவனை இழந்த சித்தி. "பட்ஜெட் பாக்க வர்றியா?" என்று மட்டும் கேட்டான். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. "என் பையன் எழுதினதைத்தான் அமைச்சர் வாசிக்கப் போறாரு. வேலையும் நிரந்தரமாகப் போகுது" என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டு, இருப்பதிலேயே நல்ல துணியை உடுத்திக்கொண்டு வந்து நின்றாள்.

"இது வேண்டாம் சித்தி. பழசு ஏதாவது போட்டுக்கோ."

"ஏன்டா? சாயம் போனதைப் போட்டுக்கிட்டு வந்தா உனக்குத்தானே கேவலம்?"

"பளபளன்னு இருந்தா டிவியில கண்ணு கூசும்."

படித்த பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும். உள்ளே போய் மாற்றிக்கொண்டாள். அதுவரை அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மாடத்தில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அமைச்சர் நிமிர்ந்தார்.

"கணவனை இழந்த பெண்களுக்கு மாதாந்திர உதவித்தொகை! ஒருவேளை உண்டு மறுவேளை பட்டினி கிடக்கும் அந்த ஏழைத் தாய், இதோ, இங்கேயே இருக்கிறார்!"

மேசைகள் அதிர்ந்தன. சித்தியும் கைதட்டினாள். எட்டி எட்டிப் பார்த்தாள்.

"பாவம்டா. யாரு அது? முன் வரிசையிலயா?"

எதிரே பெரிய திரையில் அவள் முகம் வந்தது. தட்டிய கை பாதியில் நின்றது.

கொஞ்ச நேரம் திரையையே பார்த்தாள். பிறகு அவன் பக்கம் சாய்ந்தாள்.

"நாம எப்படா பட்டினி கிடந்தோம்? உனக்கு என்னிக்காவது சோறு குறைஞ்சுதா?"

"உரைக்காக எழுதினது, சித்தி."

"சரி, மானம் கப்பலேறியாச்சு. அந்தப் பணமாவது எப்போ வரும்?"

"உனக்கு வராது."

"ஏன்? ஊருக்கே காட்டுற அளவுக்கு ஏழை, குடுக்குற அளவுக்கு ஏழை இல்லையா?"

"வீட்டுல யாராவது அரசாங்கச் சம்பளம் வாங்கினா கிடையாது. செலவு கைமீறிடக் கூடாதுன்னு அப்படி ஒரு விதி."

"எந்தப் புண்ணியவான் யோசனை?"

அவன் தலை தானாகக் குனிந்தது.

காமிரா இன்னும் நகரவில்லை. கீழே மேலதிகாரி இரண்டு விரலால் தன் வாயோரங்களை இழுத்து இழுத்துக் காட்டினார். அது முதலில் புரிந்தது சித்திக்குத்தான்.

"நிமிர்ந்து சிரிடா. வேலை போயிடப் போகுது" என்றாள். சொல்லிவிட்டு, தன் முகத்தைக் கொஞ்சம் வாட்டிக்கொண்டாள்.