வலையைச் சுற்றி வருகிறவன்

கிளிஃப் பாக்லிங்டனுக்கு அந்த வட்டாரத்திலேயே பெரிய பண்ணை. ஆனால் கேமராவின் மெமரி கார்டை எடுத்துக் கணினியில் செருகத் தெரியாது. அதற்காகத்தான் அந்தச் சனிக்கிழமை காலை என்னைத் தன் வீட்டுச் சமையலறைக்கு வரச் சொன்னார். போய் உட்கார்ந்தேன். டீ கூடக் கொடுக்கவில்லை. அவ்வளவு கோபம்.

"கோதுமை விதைச்ச வயலைப் போய்ப் பாரு ஹேசல். ரெண்டு ஜீப்ப உள்ள விட்டு உழுது வெச்சிருக்கானுங்க. கேட்டைக் கீலோட பிடுங்கி வாய்க்கால்ல போட்டிருக்கானுங்க."

"முயல் பந்தயக்காரங்களா?"

"பின்ன யாரு, பாதிரியாரா?"

எங்கள் சதுப்பு நிலம் பலகை மாதிரி தட்டை. அறுவடை முடிந்தால் போதும், எங்கிருந்தோ வண்டி கட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். வளையில் ஒளியாமல் திறந்த வெளியில் படுத்திருக்கும் வயல்முயலைக் கிளப்பி, பின்னால் நாய்களை ஏவிவிட்டு, எந்த நாய் பிடிக்கும் என்று பந்தயம் கட்டுவார்கள். அதைப் போனில் நேரலையாகப் பார்த்துப் பணம் கட்டுகிற ஜென்மங்களும் உண்டு. சட்டப்படி குற்றம். அகப்பட்டால் போலீஸ் முதலில் பிடித்துக்கொண்டு போவது நாயைத்தான். நாய் என்ன பாவம் செய்தது என்று யாரும் கேட்பதில்லை.

இந்தத் திருட்டுக் கும்பலால் என் போன்றவர்களுக்கும் கெட்ட பெயர். என்னுடையதும் லர்ச்சர்தான், வேகத்துக்குப் பேர்போன கிரேஹவுண்டின் காலும் ஆடு மேய்க்கும் நாயின் மூளையும் கலந்த ஜாதி. பெயர் பிராக்கன். உடம்பெல்லாம் புலிவரி. கிளிஃபின் வாய்க்கால் கரைகளைத் துளைத்துப் பயிரைத் தின்னும் வளை முயல்களை அவர் அனுமதியோடு பிடித்துத் தருவது நாங்கள் இருவரும்தான். இருந்தாலும் பால் வாங்கக் கடைக்குப் போனால்கூட, நாயைப் பார்த்துவிட்டு என் வண்டி நம்பரைக் குறித்துக்கொள்கிற மகானுபாவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வேலை இல்லாத நேரத்தில் நான் பிராக்கனைப் படம் எடுப்பேன். பழைய சாமான் சந்தையில் வாங்கிய கேமரா. ஓரத்தில் பூஞ்சை பிடித்த நீள லென்ஸ். முக்காலிக்குப் பதில் பார்லி நிரப்பிய துணிப்பை, மழைக்குக் குப்பைப் பை. நாய்க் கண்காட்சிகளில் விலை உயர்ந்த லென்ஸைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிகிறவர்கள் என் குப்பைப் பையைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஓடுகிற நாய் நான்கு காலும் தரையில் படாமல் இருக்கும் கணம் அவர்களுக்கும் ஒன்றுதான், எனக்கும் ஒன்றுதான்.

மலிவான கேமரா என்றால் ஹேசலைக் கேள் என்று யாரோ சொல்லி, கிளிஃப் போன மாதம் என்னிடம் வந்திருந்தார். ஆள் அசைந்தால் தானே படம் எடுக்கும் காட்டுக் கேமரா இரண்டு வாங்கித் தந்தேன். நானே கொண்டுபோய் வேலிக்கம்பத்தில் கட்டினேன். வண்டி நம்பர் விழ வேண்டும் என்பதற்காக முழங்கால் உயரத்தில் வைத்தேன். ஒவ்வொரு அசைவுக்கும் அடுத்தடுத்து மூன்று படம் எடுக்கும்படி அமைத்ததும் நான்தான்.

கார்டைத் திறந்தோம். வண்டி நம்பர்களில் சேற்றை அப்பியிருந்தார்கள். அதற்கப்புறம், போன ஞாயிற்றுக்கிழமைத் தேதியோடு, ஒரு மூன்று படம் வந்தது.

முதல் படத்தில் ஒரு ஆள் மண்டியிட்டிருக்கிறான். தோளுக்கு மேல் தெரியவில்லை. அவனுக்கு எதிரே புலிவரி நாய் ஒன்று, வாயில் வயல்முயலோடு வருகிறது. இரண்டாவதில் நாயைக் காணோம், நீட்டிய கைகளோடு ஆள் மட்டும் இருக்கிறான். மூன்றாவதில் நாய் அவன் முதுகுப்பக்கமிருந்து வந்து, இடது கை ஓரம் உட்கார்ந்து, முயலை நீட்டிக்கொண்டிருக்கிறது. முயலின் காது நிமிர்ந்திருந்தது. உயிரோடுதான் இருந்தது.

"போஸ்வெல் நாய்தான் இது," என்றார் கிளிஃப். "அந்த நாடோடிப் பயலோடது. அதே வரி. அவன்தான்னு காலையிலயே போலீஸுக்குச் சொல்லிட்டேன். நாயையும் அவனையும் மத்தியானம் இங்கயே கூட்டிட்டு வர்றாங்க."

ஈலை போஸ்வெல் சாலையோரம் கேரவன் போட்டிருக்கிறவர். அவரிடமும் புலிவரி லர்ச்சர் உண்டு. வேறு எதுவும் அவருக்கு எதிராக இல்லை. கிளிஃபுக்கு அதுவே போதும்.

மூன்றாவது படத்தை மறுபடி பெரிதாக்கிப் பார்த்தேன். பந்தய நாய் பிடித்ததைக் குதறும். இல்லையென்றால் போட்டுவிட்டு அடுத்ததைத் தேடும். கொண்டு வந்து கொடுக்கிற நாய்களும் நேராகத்தான் வரும். ஆளைச் சுற்றிப் பின்பக்கமாக வருகிற நாயை நான் ஒன்றைத்தான் பார்த்திருக்கிறேன். வளை வாய்களில் வலை விரித்து, உள்ளே ஃபெரட்டை விடுவேன். கீரி மாதிரி இருக்கும் அதற்குப் பயந்து முயல்கள் வெளியே பாயும். வலைக்குத் தப்பியதைப் பிடித்து வரும் நாய் என் முன்னால் இருக்கும் வலைகளை மிதித்தால் வேலை கெட்டது. அதனால் சுற்றி வந்து இடது கையில் கொடுக்கப் பழக்கினேன். ஒரு குளிர்காலம் முழுக்கப் பட்டாணி வயலில் நின்று பழக்கினேன். வலையே இல்லாத இடத்திலும் அவன் அப்படித்தான் வருவான்.

என்னைத் தவிர இன்னும் ஒரே ஒருத்தன் கையில்தான் பிராக்கன் கொடுப்பான். முட்டைக்கோஸைப் பெட்டியில் அடுக்கும் கொட்டகையில் எனக்கு ஞாயிற்றுக்கிழமை வேலை. அன்றைக்கு அவனைக் காலாற நடத்திக் கூட்டிப் போகிறவன் என் தம்பி க்ரெய்க்.

"இதோ வரேன்" என்று கிளிஃபிடம் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

க்ரெய்க் தான் வேலை பார்க்கும் டயர் கடையில் பேக்கன் ரொட்டி தின்றுகொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் சிரித்தான். அந்தச் சிரிப்பை அப்படியே வழித்துப் போடலாம் போல இருந்தது.

"என் நாய வெச்சு வயல்முயல் பந்தயம் ஓட்டினியாடா?"

"யார் சொன்னா?"

"நாய் சொல்லிச்சு. உன் முதுகைச் சுத்தி வந்து கொடுத்திருக்கான். படத்துல இருக்கு."

ரொட்டியைக் கீழே வைத்தான். மறுக்கவில்லை. "அக்கா, என்ன இப்ப? அவன் ஓடறதப் பாத்தா நீயே கை தட்டிருப்ப. அவ்ளோ பெரிய ஆளுங்க எல்லாம் வாயப் பொளந்துட்டாங்க. உயிரோட கொண்டு வந்தானா, செம சிரிப்பு."

"போன வாரம் பாதம் கிழிஞ்சு வந்துச்சே. கண்ணாடி குத்திடுச்சுன்னு சொன்ன. நான் வெந்நீர் வெச்சுக் கழுவிட்டு உனக்கு டீ போட்டுக் கொடுத்தேன்."

"கம்பி வேலி. லேசாத்தான்."

"போஸ்வெல்ல பிடிச்சிட்டு வர்றாங்கடா. அவர் நாயத் தூக்கப் போறாங்க."

"தூக்கட்டுமே. அவனுங்களுக்கு இதெல்லாம் பழக்கம்தான்." மறுபடியும் ரொட்டியை எடுத்தான். "நீ வாயத் திறக்க மாட்டக்கா. திறந்தா தூக்கறது உன் பிராக்கன. போனா திரும்பி வருமோ வராதோ. வந்தாலும் எத்தன மாசம் கூண்டுல கெடந்து வருமோ. நீ அதச் செய்ய மாட்ட. எனக்குத் தெரியாதா உன்ன?"

இதுதான் எனக்கு உச்சந்தலை வரை ஏறியது. நாயைத் திருடியது ஒரு பக்கம். என் பாசத்தையே பூட்டாகப் போட்டு, சாவியைத் தன் பையில் வைத்துக்கொண்டு, ஈறு தெரியத் தின்கிறானே. கூடப் பிறந்தவன். அறையவில்லை. அறைந்திருந்தால் அங்கேயே ஆறியிருக்கும்.

வண்டிக்குள் பின்பக்கம் பிராக்கன் தூங்கிக்கொண்டிருந்தான். திரும்பும் வழியெல்லாம் கத்தினேன். க்ரெய்க்கைத் திட்டினேன், கிளிஃபைத் திட்டினேன், மூன்று படம் எடுக்கிற அந்தக் கேமராவைத் திட்டினேன். ஒரு படம் மட்டும் எடுத்திருந்தால் யாருக்குத் தெரியப் போகிறது? பாலத்தருகே வண்டியை நிறுத்திவிட்டேன். வலது பக்கம் திரும்பினால் என் வீடு. பேசாமல் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாம். போஸ்வெல்லுக்கும் எனக்கும் என்ன உறவு? வழியில் பார்த்தால் தலையாட்டுவோம், அவ்வளவுதான். அப்புறம் அந்த ஆளின் நாய் கூண்டில் கிடப்பதை நினைத்தேன். என் நாய் செய்ததற்கு. நேராக ஓட்டினேன்.

பண்ணை முற்றத்தில் போலீஸ் வேன் நின்றது. கான்ஸ்டபிள் ஆட்லார்ட் சின்னப் பெண். குளிரில் மூக்கு சிவந்திருந்தது. போஸ்வெல் தன் நாயைக் கயிற்றில் பிடித்தபடி நின்றார். கிளிஃப் மட்டும் பேசிக்கொண்டிருந்தார்.

"அது அவர் நாய் இல்ல," என்றேன். "என்னோடது. கூட்டிட்டுப் போனது என் தம்பி."

கிளிஃப் என்னைப் பைத்தியக்காரியைப் பார்ப்பது போல் பார்த்தார். "சும்மா இரு ஹேசல். இரக்கப்படறதுக்கு ஒரு அளவு வேணும்."

"இரக்கமா? உங்களுக்கு வரியப் பாக்கத்தான் தெரியுது. நாயப் பாக்கத் தெரியல. படத்துல இருக்கிறது ஆளோட முதுகைச் சுத்தி வந்து இடது கையில கொடுக்குது."

ஆட்லார்ட் போஸ்வெல்லின் நாயையும் என் வண்டியில் இருந்த பிராக்கனையும் பார்த்தாள். "வாயால சொன்னாப் போதாது மேடம். ரெண்டும் ஒரே மாதிரி இருக்கு."

வண்டியிலிருந்து செத்த முயல் ஒன்றை எடுத்தேன். முற்றத்தின் கோடிக்கு எறிந்துவிட்டு மண்டியிட்டேன். "முதல்ல உங்க நாய விடுங்க," என்றேன் போஸ்வெல்லிடம். அவர் தயங்கி அவிழ்த்துவிட்டு, தானும் மண்டியிட்டார். அந்த நாய் கவ்விக்கொண்டு அம்பு மாதிரி நேராக ஓடி வந்து அவர் மடியில் போட்டது.

பிறகு பிராக்கனை விட்டேன். தப்பாகச் செய்துவிடேன் என்று மனசுக்குள் வேண்டினேன். வாழ்நாளில் ஒரே ஒரு தடவை, நேராக வந்துவிடு. போட்டுவிட்டு ஓடு. கடித்துத் தின்னு.

அவன் முயலை எடுத்தான், வந்தான். என் முன்னால் வலை எதுவும் இல்லை, வெறும் சிமெண்டுத் தரைதான். அதையும் மிதிக்காமல் வெகுதூரம் வளைந்து என் முதுகுக்குப் பின்னால் போனான். இடது கை ஓரம் வந்து உட்கார்ந்தான். முயலை நீட்டினான். வாலை ஆட்டினான்.

கிளிஃப் தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டார். ஆட்லார்ட் க்ரெய்க்கின் பெயரையும் முகவரியையும் கேட்டாள். சொன்னேன். எழுத்துக்கூட்டிச் சொன்னேன்.

போஸ்வெல் தன் நாய்க்குக் கயிறு மாட்டிக்கொண்டு என் அருகே வந்தார். "நன்றி சொல்லணும்னு எதிர்பாக்கறீங்களா?"

"இல்ல."

"நல்லது. நான் ஒண்ணும் செய்யல. செய்யாததுக்கு ஒருத்தர் கிட்ட நன்றி சொல்ல வேண்டியிருக்கு பாருங்க, அதுதான் எனக்கு வயிறு எரியுது." கிளிஃபின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்தார். கிளிஃப் மன்னிப்புக் கேட்பார் என்று காத்திருந்தேன். அவரோ வாய்க்காலில் கிடந்த தன் கேட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

ஆட்லார்ட் வேனின் பின்கதவைத் திறந்து கூண்டை ஒழுங்கு செய்தாள். கயிற்றைப் பிடித்து, "வா செல்லம், வா," என்றாள். பிராக்கன் நகரவில்லை. இழுத்தாள். நான்கு காலையும் ஊன்றிக்கொண்டான். ஒரு பிஸ்கட்டைக் காட்டினாள், முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மேடம்," என்றாள், பாவம், அவளுக்கே கஷ்டமாக இருந்தது. "நீங்க சொன்னாத்தான் ஏறுவான் போல."

எனக்கு அப்போது வந்த கோபத்தில் அந்தப் பண்ணையையே கொளுத்தியிருக்கலாம். ஆனால் கோபக் குரலில் சொன்னால் அவன் பயப்படுவான். தொண்டையைச் செருமிக்கொண்டேன். கரைக்கு வேலைக்குப் போகும் காலைகளில் சொல்வது போலவே சொன்னேன்.

"ஏறுடா."

உடனே ஏறிவிட்டான்.