முதலிடம் பிடித்த மணிக்கட்டு

ஐம்பது வயதைத் தொட்டதும் ஆண்பிள்ளைகளுக்குத் திடீரென்று உடம்பின் மேல் ஓர் அக்கறை பிறக்கும். தங்கள் உடம்பின் மேல் மட்டும்தான். அவள் வீட்டுக்காரருக்கு அது ஆபீஸ் வழியாக வந்து சேர்ந்தது.

அவர் ஒரு டயர் கம்பெனியில் கொள்முதல் பிரிவுக்குக் கண்காணிப்பாளர். காலை ஒன்பதரைக்கு உட்கார்ந்தால் மாலை ஆறுக்குத்தான் நாற்காலிக்கு விடுதலை. ஊழியர்களின் ஆரோக்கியத்தைக் காக்கிறேன் பேர்வழி என்று கம்பெனி ஆளுக்கொரு கைக்கடிகாரம் கொடுத்தது. எத்தனை அடி நடந்தோம், நெஞ்சு எப்படித் துடித்தது, எவ்வளவு நேரம் தூங்கினோம் என்று அது சகலத்தையும் குறித்து, தலைமை அலுவலகத்தில் இருக்கும் டாக்டருக்குச் சொல்லிவிடும். திங்கட்கிழமைதோறும் யார் யார் எவ்வளவு நடந்தார்கள் என்ற பட்டியலைச் சாப்பாட்டு அறைச் சுவரில் ஒட்டுவார்கள். முதல் வாரம் நாற்பத்தாறு பேரில் அவர் நாற்பத்து மூன்றாவது. அவருக்குக் கீழே இருந்த மூன்று பேரில் ஒருவர் கால் உடைந்து விடுப்பில் இருந்தார்.

"கால் உடைஞ்சவரையே முந்திட்டீங்களேப்பா, பெரிய விஷயம்தான்" என்றாள் கல்லூரியில் படிக்கும் மகள். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

மறுநாள் காலை அவர் சமையலறைக்குள் வந்தார். அதுவே அதிசயம். காய் நறுக்கிக்கொண்டிருந்தவளின் கையைப் பிடித்தார். அது அதைவிட அதிசயம். பிடித்த கையில் கடிகாரத்தை மாட்டி வாரை இறுக்கினார்.

"கொஞ்ச நாள் நீ போட்டுக்கோ. வீட்ல சும்மாதானே இருக்கே. நடமாடினா உனக்கும் நல்லதுதான்."

சும்மாதான் இருந்தாள், பாவம். நாலரைக்கு எழுந்து சும்மா தண்ணீர் மோட்டாரைப் போட்டு, சும்மா மூன்று வேளைக்கும் சமைத்து, லிஃப்ட் கெட்டுப்போன கட்டடத்தில் மூன்றாம் மாடிக்கும் மொட்டை மாடிக்குமாகத் துணி வாளியோடு சும்மா ஏறி இறங்கினாள். இடுப்பு எலும்பு முறிந்து படுத்திருந்த மாமனார் தலைமாட்டில் ஒரு மணி வைத்திருந்தார். தண்ணீர் வேண்டுமென்றால் ஒரு முறை அடிப்பார், மாத்திரைக்கு இரண்டு முறை. கொண்டுவந்த தண்ணீர் சரியில்லை என்றால் நிறுத்தாமல் அடிப்பார்.

சில மாதங்களாகப் படி ஏறும்போது அவளுக்கு நெஞ்சு தடதடவென்று அடித்துக்கொண்டது. சில நாள் உட்கார்ந்திருக்கும்போதும் அடித்தது. வீட்டுக்காரரிடம் இரண்டு முறை சொன்னாள். முதல் முறை "ம்" என்றார். இரண்டாம் முறை, "இந்த வயசுல எல்லாருக்கும் இருக்கறதுதான்" என்றார். தெருமுனையிலேயே டாக்டர் இருந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு அவளே போய் வந்திருக்கலாம். ஆனால் "வா, போய்க் காட்டிட்டு வரலாம்" என்று அந்த மனுஷன் வாயால் ஒரு வார்த்தை வரட்டுமே என்று இருந்துவிட்டாள். அந்த வீம்பிலேயே நான்கு மாதம் ஓடிவிட்டது. அவளுக்கும் புத்தி அவ்வளவுதான்.

அடுத்த திங்கட்கிழமை அவர் பெயர் பட்டியலில் முதலாவதாக வந்தது. அதற்கடுத்த வாரமும் அதே. மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை. வெறும் மணிக்கட்டு தெரியாமலிருக்க முழுக்கைச் சட்டை போட்டுப் பொத்தானையும் மாட்டிக்கொண்டு, சாப்பாட்டு அறையில் இளவட்டங்களுக்கு நடையின் மகிமையைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினாராம். மாலையில் வீட்டுக்கு வந்ததும் கைப்பேசியை அவள் கையருகே நீட்டி, அன்றைய அடிகளை வாங்கிக்கொள்வார். அவள் முகத்தைப் பார்க்க மாட்டார். மணிக்கட்டோடு சரி.

போகப் போக ஊருக்குச் சொன்ன கதையை அவரே நம்ப ஆரம்பித்துவிட்டார். பக்கத்து வீட்டுக்காரருக்கு மூட்டு வலிக்கு யோசனை சொன்னார். ஒரு நாள் அவளிடமே, "ஒரு நாளைக்கு நான் பதினாலாயிரம் அடி நடக்கறேன், தெரியுமில்ல?" என்றார். கேலி பண்ணுகிறார் என்று நினைத்து அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

ஐந்தாவது வாரம், ஒரு புதன்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குக் கம்பெனி காரில் வந்து இறங்கினார். முகம் வெளிறியிருந்தது. மாடிக்கு மாடி நின்று, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஏறி வந்தவர், நேரே போய்க் கட்டிலில் சாய்ந்தார்.

"தலைமை ஆபீஸ் டாக்டர்கிட்டேருந்து கடுதாசி வந்திருக்கு" என்றார் மெல்லிய குரலில். "இதயத் துடிப்பு தாறுமாறா இருக்காம். ரொம்ப நாளாவே இருக்காம். உடனே வீட்டுக்குப் போய்ப் படுங்க, படி ஏறாதீங்க, நாளைக்கே இதய டாக்டரைப் பாருங்கன்னு எழுதியிருக்கார்."

அவளுக்குப் பகீரென்றது. அந்தப் பதற்றத்தில் கடிகாரம் யார் கையில் இருந்தது என்பது அவளுக்கும் தோன்றவில்லை. ஓடிப்போய் விசிறியைப் போட்டாள், தலையணையை உயர்த்தினாள், காலைப் பிடித்துவிட்டாள். அவர் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

"இத்தனை வருஷம் ஓடாத் தேய்ஞ்சிட்டேன்" என்றார். "எனக்கு ஏதாவது ஆச்சுன்னா அப்பாவை நீதான் பார்த்துக்கணும்."

இரண்டு மணி நேரம் அந்த நாடகம் நடந்தது. ஜன்னலைச் சாத்தச் சொன்னார். சாத்தியதும் மூச்சு முட்டுகிறது என்று திறக்கச் சொன்னார். நடுவில் மாமனார் வேறு இரண்டு முறை மணியடித்தார். அவள் இங்கும் அங்குமாக ஓடினாள். ஓடிய ஓட்டத்தில் நெஞ்சு தடதடத்தது. அதைக் கவனிக்க அவளுக்கு நேரமில்லை.

மகள் கல்லூரியிலிருந்து வந்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கடிதத்தைப் படித்தாள். ஒரு வரியில் நின்றாள்.

"தினமும் காலைல நாலரைக்கு எழுந்திருக்கறார், தூக்கம் அஞ்சு மணி நேரம்கூட இல்லைன்னு போட்டிருக்கு. நீங்க என்னிக்குப்பா நாலரைக்கு எழுந்தீங்க?"

மகள் எழுந்து அம்மாவின் கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டினாள்.

"இது அம்மாவோட நெஞ்சுப்பா."

அவர் அந்த மணிக்கட்டைப் பார்த்தார். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். தன் உயிருக்காக இரண்டு மணி நேரம் பயந்த மனிதர் அவளுக்காக ஒரு நிமிடம் பயப்பட மாட்டாரா என்று பார்த்தாள். வாய்விட்டுக்கூடச் சொல்ல வேண்டாம், முகம் கொஞ்சம் மாறினால் போதும் என்றிருந்தது.

மாறத்தான் செய்தது. வெளிறியிருந்த முகத்தில் ரத்தம் ஏறியது. நெற்றிச் சுருக்கம் விட்டது.

"அப்போ எனக்கு ஒண்ணுமில்லையா?" என்று கேட்டு, ஒரே துள்ளலில் எழுந்து உட்கார்ந்தார். "அப்பாடா! உயிரே போயிடுச்சு. மத்தியானத்துலேருந்து எதுவும் சாப்பிடலை, ஏதாவது பண்ணித் தாயேன்."

மகள், "அப்பா!" என்று கத்தினாள். அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. "இல்ல, அவளையும் காட்டணும்தான்... ஞாயித்துக்கிழமை போகலாமே" என்று அசடு வழிந்தார்.

அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, அவர் மடிமேல் கிடந்த கடிதத்தை எடுத்தாள். வாசலில் மகள் கைப்பையோடு தயாராக நின்றாள். இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை அவள் பார்த்ததே இல்லை. படி இறங்கும்போது அதைத்தான் நினைத்துக்கொண்டு போனாள்.